முன்கதவு வொஷிங் மெஷினின் வரலாறும் நமது கூட்டு வீடுகளும்

 

மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் உம்மா, வாப்பா, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று எட்டு ஒன்பது பேர் ஒன்றாக இருப்பது நமது ஊர்களில் புதினமல்ல. அப்படியான வீடுகளில் இப்போது முன்பக்கம் கண்ணாடிக் கதவுள்ள வொஷிங் மெஷின் வாங்குகிறார்கள். "சேர், எப்படிப்பட்டது வாங்கலாம்?" என்று கேட்பவர்களும் அதிகம். நான் படிப்பிப்பது வரலாறு. ஆகவே வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

உடுப்புகளைப் பீப்பாய்க்குள் போட்டுச் சுழற்றிக் கழுவும் யோசனை பழையது. 1782இல் இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிங் இன்னொன்றைச் செய்தார். எல்லாம் கையால் சுற்றுபவை. தண்ணீர் அள்ளுவது, கொதிக்க வைப்பது, பிழிவது என்று மிச்ச வேலையெல்லாம் பெண்களின் தலையிலேயே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் பூட்டிய மெஷின்கள் வந்தன. அப்போதும் ஈர உடுப்பை வெளியே எடுத்து இரண்டு உருளைகளுக்கு இடையில் கொடுத்துத்தான் பிழிய வேண்டும். அதில் விரல் நசுங்கியவர்கள் பலர்.

1937இல் அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனம் கழுவுதல், அலசுதல், பிழிதல் மூன்றையும் தானே செய்யும் வீட்டு மெஷினை வெளியிட்டது. அது முன்கதவு மெஷின். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பிழியும் வேகத்தில் பயங்கரமாக ஆடும். அதனால் அதை நிலத்தில் கொங்கிரீட் போட்டு நட்டால் இறுக்க வேண்டியிருந்தது.

இந்த ஆட்டத்தை அடக்கத்தான் இன்றைய மெஷினுக்குள் ஸ்பிரிங்குகளும் பாரமான கொங்கிரீட் கட்டியும் இருக்கின்றன. கடையிலிருந்து வரும்போது ட்ரம் அசையாமலிருக்கப் பின்பக்கம் நீளமான நட்டுகள் பூட்டியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட விட்டால் மெஷின் குதிக்கும், உள்ளே உடையும். கழற்றிய நட்டுகளை எறியாதீர்கள். வீடு மாறும்போது திரும்பத் தேவைப்படும். மெஷினை வைக்கும் நிலம் மட்டமாகவும் உறுதியாகவும் இருக்கட்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாதை இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்காவில் 1947இல் மேல்கதவுத் தானியங்கி மெஷின்கள் வந்து சந்தையைப் பிடித்தன. அங்கே இடமும் தண்ணீரும் தாராளம். ஐரோப்பாவில் வீடுகள் சிறியவை. குசினி மேசைக்குக் கீழே தள்ளி வைக்க முன்கதவு மெஷின்தான் வசதி. வெள்ளைத் துணியை நன்றாகச் சூடான தண்ணீரில் கழுவும் பழக்கம் அங்கே இருந்ததால், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரும் மெஷினுக்குள்ளேயே வந்தது.

பழைய மேல்கதவு மெஷின் உடுப்புகளைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கழுவும். ஒரு முறைக்கு 150 லீற்றர் வரை குடிக்கும். முன்கதவு மெஷின் உடுப்புகளை மேலே தூக்கிக் கீழே போட்டுக் கழுவும். ஏறத்தாழ 50 லீற்றர் போதும். கிணற்றையும் மேல் டேங்கையும் நம்பியிருக்கும் பெரிய குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் டேங்க் பதிவாக இருந்தால் தண்ணீர் வரும் வேகம் போதாமல் மெஷின் நடுவில் நின்றுவிடும். வாங்கும் முன் அதைப் பாருங்கள். எட்டுப் பேருள்ள வீட்டுக்கு 8 கிலோவுக்குக் குறையாத மெஷின் நல்லது. அந்தக் கிலோ காய்ந்த உடுப்பின் நிறை. ட்ரம்மை நிரப்பி அமுக்காமல், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

கூட்டாகப் பாவிப்பதற்குச் சுவீடன் நல்ல உதாரணம். அங்கே மாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான சலவை அறை இருக்கும். யாருக்கு எந்த நாள், எந்த நேரம் என்று பலகையில் பதிய வேண்டும். வேலை முடிந்தால் பஞ்சு வடியைத் துப்புரவாக்கி, நிலத்தைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். இந்த ஒழுங்கில்தான் அந்தப் பொது மெஷின் ஓடுகிறது.

அதே சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் தனது நான்கு வயதில் வீட்டுக்கு வந்த முதல் மெஷினைப் பற்றி 2010இல் ஓர் உரையில் பேசினார். அவருடைய பாட்டி கதிரையில் இருந்து அது ஓடி முடியும்வரை பார்த்தாராம். மிஞ்சிய நேரத்தில் தாய் மகனை நூலகத்துக்குக் கூட்டிப் போனாராம்.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில், வீட்டு இயந்திரங்கள் வந்தபின் தாய்மாரின் வேலை நினைத்த அளவு குறையவில்லை என்று காட்டினார். முன்பு வெளியே போன சலவை வீட்டுக்குள் வந்தது. சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்தது. நமது வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். டோபியிடம் கொடுத்த சாறனும் பெட்ஷீட்டும் இப்போது மெஷினுக்குள் போகின்றன. ஒருமுறை உடுத்த உடுப்பும் உடனே கூடைக்குள் விழுகிறது. போடுவது, எடுப்பது, காயப்போடுவது, மடிப்பது எல்லாம் உம்மா, அல்லது மூத்த மகள்.

ஆகவே மெஷின் வாங்கும் அன்றே ஒரு தாளில் முறை எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டுங்கள். ஆண்களின் பெயரும் அதில் வரட்டும். பராமரிப்பையும் அதிலேயே எழுதுங்கள்:

கழுவி முடிந்ததும் கதவின் றப்பர் வளையத்தைத் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து மணக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவதானம், ட்ரம்முக்குள் ஏறிவிடுவார்கள்.

முன்கதவு மெஷினுக்கென்று உள்ள நுரை குறைந்த பவுடரை அளவாகப் போடுங்கள். கூடிய நுரை துணியை விழுந்து அடிபட விடாது.

நமது பைப் தண்ணீர் இயல்பிலேயே வெதுவெதுப்பு. அன்றாட உடுப்புக்குச் சூடாக்கத் தேவையில்லை. கரண்டில் பெரும்பகுதி சூடாக்கத்தான் போகிறது. ஆனால் மாதம் ஒருமுறை உடுப்பில்லாமல் 60 பாகையில் ஓட விடுங்கள். உள்ளே படிந்த அழுக்கு கரையும்.

கீழே உள்ள வடியை மாதமொருமுறை கழற்றிக் கழுவுங்கள். சட்டைப் பையில் மறந்த காசும் ஊசியும் அங்கேதான் கிடைக்கும். திறக்கும் முன் கரண்டை நிறுத்தி, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

இவ்வளவும் செய்யப் பத்து வயதுப் பிள்ளையாலும் முடியாது என்றில்லை, பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றால் போதும். உங்கள் வீட்டில் மெஷின் வந்தபின் உம்மாவுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியது? அவரிடமே கேட்டுவிட்டுக் கீழே எழுதுங்கள்.