கோடிக்காட்டின் ஒற்றையடிப் பாதைகள்

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய நேர்கோடாக இறங்கிவரும் சோழநாட்டுக் கடற்கரை, ஓரிடத்தில் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தின் முனையே கோடிக்கரை. இன்றைய வழக்கில் கோடியக்கரை. அதை ஒட்டிய ஊர் கோடியக்காடு. 'கோடி' என்பதற்குக் கடைசி, முனை, மூலை என்றெல்லாம் பொருள் உண்டு. 'தெருக்கோடி' என்று நாம் இன்றும் சொல்கிறோம் அல்லவா, அந்தக் கோடிதான் இது. ஐரோப்பியர் தம் வரைபடங்களில் இதைக் 'கலிமேர் முனை' என்று குறித்தனர். இவ்வட்டாரத்துக் கள்ளிமேடு என்னும் ஊர்ப்பெயரே அவ்வாறு திரிந்தது எனக் கருதுவோர் உண்டு. பாக் நீரிணைக்கு அப்பால், ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய, யாழ்ப்பாணத்து வடகரை.

இம்முனைக்குச் செல்லும் இலக்கிய அன்பர்களில் பெரும்பாலோர் ஒரு நாவலை மனத்தில் சுமந்துகொண்டே செல்கின்றனர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' கோடிக்கரையைத் தமிழ் வாசகரின் நெஞ்சில் நிரந்தரமாக நட்டுவிட்டது. பூங்குழலியின் படகு, வந்தியத்தேவன் சிக்கிக்கொள்ளும் புதைசேறு, குழகர் கோயில், இரவில் ஒளிவிடும் கலங்கரை விளக்கம் ஆகியவற்றைத் தேடியே அவர்கள் வருகின்றனர். சோழர் காலத்தது என்று மரபாகச் சொல்லப்பட்டுவந்த அந்தக் கலங்கரை விளக்கத்தின் செங்கல் எச்சம் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் வீழ்ந்தது. அதன்பின் சென்றவர்கள் சிதைந்த கற்குவியலைக் கண்டு, 'இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை' என்று வருந்தித் திரும்புவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் அதில் ஒரு பார்வைக் குறைவும் உண்டு. அக்கற்களைக் காண அவர்கள் எந்தக் காட்டின் ஓரமாகச் சென்றார்களோ, அக்காடு அந்த விளக்கத்துக்கும் முந்தையது. தமிழில் எழுதப்பட்ட சான்றும் அதற்கு உண்டு.

சுந்தரர் கண்ட காடு

கோடிக்குழகர் கோயில் மீது சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய காலம். பதிகங்களில் தலத்தின் வளத்தைப் புகழ்வது மரபு. வயல், மடை, வாளை மீன், மாடமாளிகை என்று அது விரியும். கோடிக்குழகர் பதிகமோ இறைவனைப் பார்த்துக் கவலைப்படுகிறது. கடற்காற்று விசையோடு வந்து மோதும் இக்கரைமேல் அண்டையில் நான்கு குடிகள் இருந்தால் குற்றமாகிவிடுமோ என்று கேட்கிறது. யார் துணையை நம்பி இங்கே தனித்திருக்கிறாய் என்று வினவுகிறது. காடு பெரிதென்றும், உடனிருக்கும் தேவி அஞ்சும்படி மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன என்றும், இங்குத் திரியும் வேடர்கள் பொல்லாதவர்கள் என்றும் சொல்கிறது.

பக்தியைச் சற்றே ஒதுக்கிவைத்து, இதை ஒரு நில ஆவணமாகப் படித்துப் பார்ப்போம். விசை மிக்க கடற்காற்று; குடியிருப்பு இன்மை; அடர்ந்த காடு; பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரங்கள்; வேட்டையாடுவோர் நடமாட்டம். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இம்முனையின் நிலை இதுவாக இருந்திருக்கிறது. வேட்டை இருந்தது என்றால் வேட்டைக்குரிய விலங்கும் இருந்தது என்பது சொல்லாமலே விளங்கும். கல்லில் பொறித்த சாசனம் கோயிலின் நிலத்தைச் சொல்லும், விளக்கெரிக்க விட்ட ஆடுகளைச் சொல்லும், ஆந்தையைச் சொல்லாது. அந்த இடத்தை இப்பதிகம் நிரப்புகிறது.

திணை மயங்கிய நிலம்

வகுப்பறையில் தொல்காப்பியத்தின் திணை மயக்கத்தை விளக்கும்போது நாம் எடுத்துக்காட்டுகளை நூல்களுக்குள்ளேயே தேடுவது வழக்கம். கோடிக்காட்டில் அதைக் கண்ணாலேயே காணலாம். கடலும் உப்பளமும் மீன்பாடும் ஒருபுறம், ஐயத்திற்கிடமின்றி நெய்தல். அதே கரையின் புல்வெளியில் முறுக்கிய கொம்புடைய வெளிமான் மேய்கிறது. சங்கப் பாடல்களில் இரலை என்ற பெயரோடு முல்லைத் திணையில் பிணையுடன் துள்ளும் மான் இதுவே. காட்டுக்குள் நுழைந்தால் மிகுதியாக நிற்பது பாலை மரம். திணைக்குப் பெயர் தந்த பாலை எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இங்கே நாம் சொல்வது உலக்கைப் பாலை. கோடையில் பழுக்கும் அதன் மஞ்சள் நிறச் சிறுபழம் பிசுபிசுப்பும் இனிப்பும் கொண்டது. கடலுக்கு அப்பால் ஈழத்திலும் பாலைப்பழம் என்றால் தெரியாதவர் இல்லை.

இக்காட்டைத் தாவரவியலார் வறண்ட பசுமைமாறாக் காடு என்கின்றனர். ஆண்டின் பெரும்பகுதி மழையின்றிக் கழியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். இதற்கேற்பத் தடித்த சிறிய இலைகளோடு, உயரம் குறைந்து, ஒன்றோடொன்று நெருங்கி மரங்கள் வளர்கின்றன. சோழமண்டலக் கரை நெடுகப் பரவியிருந்த இவ்வகைக் காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகத் துண்டுதுண்டாகவே எஞ்சியிருக்கிறது. எஞ்சியவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று கோடிக்காடு.

இது நிற்பதோ மணல்மேட்டின் மீது. காட்டின் மிக உயர்ந்த இடமாகிய இராமர் பாதமே கடல்மட்டத்திலிருந்து சுமார் நான்கு மீட்டர்தான். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. மரங்களின் உயிர் அந்தப் படலத்தில் இருக்கிறது.

நடந்த கால்கள்

காட்டில் பாதைகள் தாமாக உண்டாவதில்லை. கோடிக்காட்டுப் பாதைகளில் யார் யார் நடந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் தமிழக வரலாற்றின் ஒரு குறுக்குவெட்டு கிடைக்கும்.

சுந்தரரும் சேரமான் பெருமாளும் திருமறைக்காட்டை வழிபட்டு, அகத்தியான்பள்ளி சென்று, அங்கிருந்து கோடிக்குழகரை அடைந்ததாகச் சேக்கிழார் கூறுகிறார். மறைக்காடு இன்றைய வேதாரண்யம். வேதாரண்யம், அகத்தியம்பள்ளி, கோடியக்காடு என்று இன்று பேருந்து செல்லும் வரிசையும் அதுவே. ஊர்கள் இடம் மாறவில்லை. வழியும் பெரிதாக மாறியிருக்க வாய்ப்பில்லை.

அவ்வழியின் நடு ஊராகிய அகத்தியம்பள்ளியில்தான் மற்றொரு நெடும்பயணம் முடிந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ நூறு தொண்டர்கள், தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியே சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தனர். 30 ஆம் நாள் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பெடுத்து இராஜாஜி கைதானார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் ஆணையிட்டிருந்தார். ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்தனர். கொடுத்தவர் யார் என்பதை மரம் சொல்லாது! விடுதலைப் போராட்ட வரலாற்றில் மரங்கள் ஏற்ற இந்தப் பாத்திரத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். தெரியாதவர்களே மிகுதி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆதிசேது என வழங்கும் இக்கடலில் நீராட வந்தவர்கள், இலங்கை நோக்கி இராமன் நின்ற இடம் என்று நம்பி இராமர் பாதத்தைத் தொழுதவர்கள், மாடு மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், பாலைப்பழம் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோன பெண்கள், மீன்பாட்டுப் பருவத்தில் வேற்றூர்களிலிருந்து வந்து குடிசை போட்டுத் தங்கும் மீனவர்கள். வடக்கேயிருந்து பறவைகள் வருகின்ற அதே மாதங்களில்தான் அம்மீனவர்களும் வருகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. இரு சாராரையும் அழைப்பது ஒரே பருவம்.

சரணாலயமான பின்

1960-களில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி இம்முனையின் சிறப்பை உணர்ந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவித்து, அவற்றின் வலசையை ஆராய்ந்தனர். 1967-இல் வெளிமானை முதன்மையாகக் கருதி இக்காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டோடு வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் சேர்ந்த ஏறத்தாழ 38,500 எக்டேர் பரப்பு 2002-இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. தமிழகத்தில் அத்தகுதி பெற்ற முதல் இடம் இதுவே.

அறிவிப்பு வந்ததும் பாதைகளின் பொருள் மாறியது. அதுவரை காட்டுக்குள் செல்வது ஊராரின் வழக்கம். அதன்பின் அது அனுமதிக்குரிய செயல். மேய்ச்சலும் விறகும் குற்றப் பட்டியலுக்குள் வந்தன. காட்டைக் காத்தல் வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. சட்டம் வராதிருந்தால் இம்மான்களும் நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பழத்தை எப்போது பறிப்பது, எந்தக் குட்டையில் கோடையிலும் நீர் நிற்கும் என்னும் அறிவு, நடந்த கால்களோடு சேர்ந்திருந்தது. நடை நின்றால் அதுவும் மெல்ல மறையும். பாதையை மூடும்போது அந்த அறிவை எழுதிவைக்கும் கடமையும் நமக்குச் சேர்கிறது.

இன்று எதிர்நிற்பவை

காட்டுக்கு இன்றுள்ள பகை அரிவாள் மட்டுமன்று. முதலாவது, சீமைக் கருவேலம். அந்நிய நிலத்து மரமாகிய இது, மாடுகளும் காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் அதன் இனிய காய்களைத் தின்று சாணத்தில் விதைகளைப் போட, எங்கும் முளைத்துப் புல்வெளியை விழுங்குகிறது. வெளிமான் திறந்தவெளியில் ஓடிப் பிழைக்கும் விலங்கு. புதர் மண்டினால் அதற்கு மேய்ச்சலும் இல்லை. வருவது யார் என்ற பார்வையும் இல்லை. வனத்துறை இம்மரத்தை அகற்றி வருகிறது. அதுவோ மீண்டும் மீண்டும் தளிர்க்கிறது.

இரண்டாவது, நீர். சதுப்புக்கு வரவேண்டிய ஆற்றுநீர் குறைந்து உப்பு மிகுந்தால் பூநாரைகளும் உள்ளான்களும் தேடிவரும் சிற்றுயிர்கள் குறையும். பறவைகள் நம்மிடம் முறையிடுவதில்லை, வேறிடம் போய்விடும்.

மூன்றாவது, புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா இக்காட்டில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது, மான்களும் மடிந்தன. புயல் இக்கரைக்குப் புதிதன்று. ஆனால் விழுந்த முதுமரத்தின் இடத்தில் பாலைக் கன்று எழுமா, கருவேலம் எழுமா என்பது புதிய கேள்வி. பாலை மெல்ல வளரும் மரம், கருவேலம் காத்திருப்பதில்லை.

ஆழிப்பேரலையின்போது வேதாரண்யம் கரையில் மணல்மேடுகள் இருந்த இடங்களில் ஊர்கள் பெருமளவு தப்பின. செங்கல் விளக்கம் வீழ்ந்த அதே நாளில் மணல்மேடு ஊரைக் காத்தது. இரண்டில் எதை நினைவுச்சின்னம் என்று போற்றப் போகிறோம்?

செல்வோருக்கு

மீட்டர்கேஜ் ரயில் ஒருகாலத்தில் கோடிக்கரை வரை ஓடியது. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகல ரயில் பாதை திறக்கப்பட்டபோது அது அகத்தியம்பள்ளியோடு நின்றது. எஞ்சிய தொலைவைச் சாலையில்தான் கடக்கவேண்டும். செல்லும் அன்பர்கள் அகத்தியம்பள்ளியில் உப்பு அறப்போர் நினைவுத்தூணைக் காணலாம், கோடிக்குழகரை வழிபடலாம், வனத்துறையின் அனுமதி பெற்று இராமர் பாதம் வரை செல்லலாம். கார்த்திகைக்குப் பின் தை, மாசி வரை பறவைகளுக்கு உகந்த காலம். விடியற்காலை சிறந்தது.

நாவலைக் கொண்டு செல்லுங்கள், தவறில்லை. கூடவே சுந்தரரின் அப்பதிகத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காட்டோரம் நின்று அதைப் படிக்கும்போது கடற்காற்று வீசுகிறதா, பாலை மரத்தில் பொந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது என்று சொல்லக்கூடிய நிலையில்தான் இன்னும் நாம் இருக்கிறோம். இனி வரும் மாணவர்களுக்கு அப்பதிகத்தைப் பாடமாக நடத்துபவர், ஆந்தை குழறிய காட்டுக்கு அடிக்குறிப்பு எழுத நேருமா, அல்லது அவர்களைப் பேருந்தில் ஏற்றி அழைத்துச் சென்று காட்ட முடியுமா என்பது இக்காட்டைக் காப்பதில் நாம் காட்டும் அக்கறையைப் பொறுத்தது.