பாம்புச் சட்டை

கெடார் தொடங்கித் திண்டிவனம் வரையுள்ள சிற்றூர்களில் வேலியோரம் கிடக்கும் பாம்பின் உரியை நாம் 'பாம்புச் சட்டை' என்றே சொல்கிறோம். உரியை ஆடையாகக் காணும் இப்பார்வை மிகப் பழையது. கரிகாலன் பொருநனுக்கு அளித்த ஆடையை முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையில் பாம்பின் உரிக்கு ஒப்பிடுகிறார். இழை ஓடிய வழியைக் கண்ணால் தொடர முடியாத நுண்மை அதற்கு, பூவேலைப்பாடும் உண்டு. புறநானூற்றின் 383ஆம் பாடல் பாம்புரியோடு மூங்கிலின் மென்தோலையும் சேர்த்துக்கொள்கிறது. நம் பகுதிக்குரிய நூல் சிறுபாணாற்றுப்படை. அதன் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில்தான் உள்ளது. ஆனால் நத்தத்தனார் அங்கே ஆடைக்கு மூங்கில்தோலையே உவமையாக்குகிறார். பாம்பு கள்ளுக்குப் போய்விட்டது: சினந்த பாம்பைப்போல் ஏறும் தேறலாம்!

பாம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். மேல்தோலின் வெளிப்படலமோ உயிரற்றது, உடலோடு சேர்ந்து வளராது, தேயவும் செய்யும். அடியில் புதுப்படலம் உருவானதும் இரண்டிற்கும் இடையே நீர்மம் ஊறுகிறது. அப்போது கண்கள் வெண்நீலமாக மங்குகின்றன. பாம்புக்கு இமையில்லை, கண்ணை மூடியுள்ள கண்ணாடி போன்ற செதிலும் தோலோடு சேர்ந்ததே, அதுவும் கழலும். சில நாளில் கண் தெளிகிறது. பின்னர் மூக்கைக் கல்லிலோ வேரிலோ உரசி, வாயோரம் பழந்தோலைப் பிளந்து வெளியேறுகிறது. நாம் சட்டையைத் தலைவழியே கழற்றும்போது உட்புறம் வெளியே வருவதுபோல் உரியும் புரண்டு கிடக்கும். நிறமிகள் பெரும்பாலும் உயிருள்ள தோலிலேயே தங்கிவிடுவதால் அது வெளுத்து ஒளி ஊடுருவ நிற்கும். செதில் வரிசை மட்டும் பூவேலையாகத் தெரியும். முடத்தாமக்கண்ணியார் ஓர் உரியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

புலவர் கண்டது பாம்பு தானே விட்டுச்சென்ற உரி. 20ஆம் நூற்றாண்டின் தோல் வணிகத்துக்கு அது போதவில்லை. கைப்பைக்கும் காலணிக்கும் பதப்படுத்த உயிருள்ள தோல் வேண்டும்; அதற்குப் பாம்பு சாகவேண்டும். தமிழகத்தில் பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் வந்த ஏற்றுமதித் தடையும் பாம்பைக் காத்தன; இருளர் வீட்டு அடுப்பை அணைத்தன. தடை தேவையானதே. ஆனால் அந்த அடுப்புக்கு மாற்று, சட்டத்தில் இல்லை.

1978இல், ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து அந்த நஞ்சிலிருந்து ஆகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர்.

விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் இடுவார்கள், அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க. சில முறை சட்டை உரித்ததும் அவ்வடையாளம் மறைந்துவிடும்.