கேட்டலாக்கைத் தரையில் போட்ட கதை

2013 ஆகஸ்டில் வெளிவந்த, அறைகலன் நிறுவனமான ஐகியாவின் கேட்டலாக், வாசகரிடம் ஒரு விசித்திரமான வேலை சொன்னது: புத்தகத்தை மூடித் தரையில் போடுங்கள். சோபா எங்கே வர வேண்டுமோ அங்கே அதை வைத்து, ஐகியாவின் செயலி வழியே செல்பேசி கேமராவைக் காட்டினால், திரையில் புத்தகம் கிடந்த இடத்தில் சோபா உட்கார்ந்திருக்கும். கதவுக்கு இடிக்குமா, ஜன்னலை மறைக்குமா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம்.

புத்தகம் எதற்கு? அளவுக்குத்தான். எதிரே இருப்பது ஒரு முழத்தில் இருக்கிறதா, ஒரு பர்லாங்கில் இருக்கிறதா என்பது அன்றைய செல்பேசிக்குத் தெரியாது. ஆனால் கேட்டலாக்கின் நீள அகலம் செயலிக்கு முன்கூட்டியே தெரியும். திரையில் அது எவ்வளவு சிறுத்து, எந்தச் சாய்வில் தெரிகிறது என்பதிலிருந்து தூரத்தையும் கோணத்தையும் கணக்கிட்டு, அதற்கேற்ற அளவில் சோபாவை வரைந்துவிடும். 32 பக்கமோ 300 பக்கமோ, அந்த நேரத்தில் புத்தகம் வெறும் அளவுகோல்.

இந்தக் கணக்கு ஐகியாவுடையதல்ல. நிஜக் காட்சியின் மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும், தலையில் மாட்டும் திரையைக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் 1968இலேயே செய்து காட்டியிருந்தார். இந்த உத்திக்கு ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ (ஏஆர்) என்ற பெயர் 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் பிறந்தது. விமானத்துக்கான கம்பிக் கற்றைகளை அமைக்கும் தொழிலாளர்களுக்கு வழிகாட்டுவதே அங்கே நோக்கம். 1999இல் ஹிரோகாசு கட்டோ உருவாக்கிய ஏஆர்டூல்கிட் மென்பொருள், காகிதத்தில் அச்சிட்ட கறுப்புச் சதுரத்தின் நான்கு மூலைகளைக் கொண்டு கேமராவின் நிலையைக் கண்டுபிடித்தது. அங்கிருந்து விளம்பரத்துக்கு வழி திறந்தது.

முதலில் வந்தவை வேடிக்கைகள்தாம். 2008 இறுதியில் ஜெர்மன் இதழ்களில் மினி காரின் விளம்பரம் வந்தது. பக்கத்தை வெப்கேமரா முன் பிடித்தால் கணினித் திரையில் கார் எழுந்து நிற்கும். தாளைத் திருப்பினால் காரும் திரும்பும். மறுவருடம் எஸ்கொயர் இதழின் அட்டையில் நடிகர் ராபர்ட் டௌனி ஜூனியர் அதேபோல் உயிர் பெற்றார். ஒருமுறை வியக்கலாம். அதற்குமேல் என்ன இருக்கிறது?

லெகோ கடைகளில் வைத்த திரை இவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பிரிக்காத பெட்டியைக் குழந்தை தூக்கிப் பிடித்தால், உள்ளே இருக்கும் துண்டுகள் முழுப் பொம்மையாகச் சேர்ந்து பெட்டியின் மேல் நிற்கும். கடையில் எந்தக் குழந்தையும் கேட்கிற கேள்விக்கு அது பதில்.

லெகோவுக்கும் ஐகியாவுக்கும் தொழில்நுட்பம் கொடுத்தது ஒரே நிறுவனம்: 2003இல் மியூனிக்கில் தொடங்கிய மெட்டாயோ. 2015இல் ஆப்பிள் அதை விலைக்கு வாங்கியது. 2017இல் ஆப்பிளின் ஏஆர்கிட் மென்பொருள் வந்தபோது, கேமராவையும் அசைவை உணரும் சென்சார்களையும் சேர்த்துத் தரையைத் தானே அளக்க ஐபோன் கற்றுக்கொண்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐகியா பிளேஸ் செயலி, சுமார் 2,000 பொருள்களோடு வந்தது. அதற்குத் தரையில் புத்தகம் தேவைப்படவில்லை.

2020 டிசம்பரில், 1951 முதல் அச்சாகி வந்த கேட்டலாக்கை நிறுத்துவதாக ஐகியா அறிவித்தது. பழியைச் செயலியின் மேல் மட்டும் போட முடியாது. வாசகர்கள் அதற்கு முன்பே இணையத்துக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள்.