பெயர் நீக்கும் அதிகாரம்: விமானப் பதிவுக் குறியின் சட்டப் பொருள்

இந்திய விமானமென்றால் ‘விடி’ என்றும் இலங்கை விமானமென்றால் ‘4ஆர்’ என்றும் தொடங்கும் பதிவுக் குறியை, சாலை வாகனத்தின் எண் பலகைக்கு நிகராகக் கருதுவது வழக்கம். குறியின் புறத்தோற்றமும் அதற்கு இடம் தருகிறது. விமான உடலில் எழுத்துகள் குறைந்தது 30 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். இறக்கையில் 50 செ.மீ. விமானம் எரிந்துபோனாலும் மிஞ்சும்படி, அதே குறி பொறித்த தீத்தாங்கும் உலோகத் தகடு முதன்மை வாசலருகே பொருத்தப்படுகிறது. ஆனால் அடையாளம் காட்டுவது மட்டுமே குறியின் வேலை என்றால், அதை நீக்குவதைப் பற்றி இத்தனை வழக்குகள் எழ வேண்டியதில்லை. குறி நீக்கப்படும்போதோ, நீக்க மறுக்கப்படும்போதோதான் அதன் சட்டப் பொருள் துலங்குகிறது என்பதே என் வாதம்.

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, எந்த நாட்டில் பதிவாகிறதோ அந்நாட்டின் தேசியமே விமானத்துக்கு உரியது (பிரிவு 17). ஒரே நேரத்தில் இரு நாடுகளில் செய்த பதிவு செல்லாது (பிரிவு 18). சர்வதேசப் பயணத்துக்கு வேண்டிய வான்தகுதிச் சான்றிதழையும் பதிவு நாடே தர வேண்டும் (பிரிவு 31). தயாரிப்பாளரின் வரிசை எண் ஆயுள் முழுக்க மாறாதிருக்க, கைமாறும்தோறும் மாறக்கூடிய குறி எதற்கு என்று கேட்கலாம். வரிசை எண் இயந்திரத்தை இனம்காட்டும். அதற்குப் பொறுப்பேற்கும் அரசு எது என்று சொல்லாது. ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவியின் 24 பிட் மின்னணு முகவரியும் பதிவு நாட்டுக்கு ஒதுக்கிய தொகுதியிலிருந்தே வருகிறது.

2023 மே மாதம் இந்திய விமான நிறுவனமான கோ ஃபர்ஸ்ட் நொடிப்பு நடவடிக்கைக்குப் போனபோது குறியின் இந்தச் சட்டப் பொருள் நடைமுறையில் தெரிந்தது. அதன் விமானங்கள் குத்தகைக்கு எடுத்தவை. விமானங்களைக் குத்தகைக்கு விட்டவரின் உரிமையைக் காக்கும் கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008இலேயே இணைந்திருந்தும், நொடிப்புச் சட்டத்தின் தடைக்காலத்தைக் காட்டிப் பதிவு நீக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. ‘விடி’ நீங்காதவரை வேறெந்த நாடும் அவற்றைப் பதிவுசெய்ய முடியாது. உரிமையாளர் இருந்தும் விமானங்கள் ஓடுதளத்தோரம் வெயிலில் காய்ந்தன. 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலை நாளில் நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 ஏப்ரலில்தான். விமானங்களைப் பறிகொடுத்த நிறுவனம் எப்படி மீளும், ஊழியர் கதி என்ன என்ற எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. என்றாலும் பிறர் உடைமையைக் காலவரையின்றி நிறுத்திவைத்து நடத்தும் மீட்பின் செலவு, அடுத்து குத்தகைக்கு எடுக்கும் நிறுவனத்தின் கட்டணத்தில் வந்து விடியும். மீட்சிக்கென்று அவகாசமே இல்லாமலும் இல்லை. கேப் டவுன் ஏற்பாட்டில் இந்தியா தேர்ந்த காத்திருப்புக் காலம் இரண்டு மாதம். உடன்படிக்கைக்கு உள்நாட்டுச் சட்டவலு தரும் தனிச்சட்டம் 2025இல்தான் வந்தது.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்றுண்டு. ரஷ்ய நிறுவனங்கள் ஓட்டிய மேலைநாட்டு விமானங்களில் நூற்றுக்கணக்கானவை பெர்முடாவில் பதிவானவை. அட்லாண்டிக் நடுவே கிடக்கும் அந்தச் சின்னஞ்சிறு தீவின் ‘விபி-பி’, ‘விகியூ-பி’ குறிகளைத் தாங்கி மாஸ்கோவில் இயங்கும் விமானத்துக்குத் தேசியம் என்பது வெறும் ஏட்டுக் கற்பனைதானே? 2022 மார்ச் 12 அன்று அந்த ஏடே பேசியது. உக்ரைன் போரையொட்டி ரஷ்யாமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைகளால் பாதுகாப்பைக் கண்காணிக்க முடியவில்லை என்று கூறி, பெர்முடா அவற்றின் வான்தகுதிச் சான்றிதழ்களை நிறுத்திவைத்தது. இரண்டே நாளில் ரஷ்யா சட்டமியற்றி, பழைய பதிவு நீங்காமலே அவற்றைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வழிசெய்தது. கற்பனையை யாரும் இப்படி அவசரமாக மாற்றி எழுதுவதில்லை. 18ஆம் பிரிவை மீறிய அந்த இரட்டைப் பதிவால் உள்நாட்டில் பறக்க முடிந்தது. குத்தகைக்கு விட்ட உரிமையாளர்களிடம் அவை திரும்பும் வழி அடைபட்டது. அவர்கள் காப்பீட்டு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் அவ்விமானங்களை இழந்த சொத்தாக ஏற்று, போர் அபாயக் காப்பீட்டின்கீழ் இழப்பீடு தரத் தீர்ப்பளித்தது.