முகப்பேருக்கு வந்த பழந்தாள்கள்



அம்பத்தூரிலிருந்து முகப்பேர் வழியாக நாம் எத்தனையோ முறை போய்வந்திருப்போம். கடைகளும் அடுக்குமாடி வீடுகளும்தான் கண்ணில் படும். தமிழ் அச்சுச் செல்வம் ஒன்று சில ஆண்டுகள் அங்கே காக்கப்பட்டது நம்மில் பலருக்குத் தெரியாது.

காரைக்குடி அருகே கோட்டையூரில் முத்தையா என்பவர் வாழ்ந்தார். பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். ரோஜா முத்தையா என்றால்தான் பலருக்கும் புரியும். புத்தகங்களோடு நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் பழைய பேப்பர்காரரிடம் போடுவதையெல்லாம் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆனால் கப்பல் ஏற்றவில்லை. தமிழர் தேடிவந்து படிக்கும் இடத்திலேயே அது இருக்கட்டும் என்று 1994இல் சென்னையில் நூலகம் அமைந்தது. தொடக்க ஆண்டுகளில் அது இருந்தது முகப்பேரில்; இப்போது தரமணியில்.

வாங்கி அடுக்கினால் போதுமா? போதாது. பழங்காலத்தில் கந்தல் துணியை அரைத்துத் தாள் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் வந்தது; மை பரவாதிருக்கப் படிகாரமும் குங்கிலியப் பிசினும் சேர்த்தார்கள். அதில் பிறக்கும் அமிலம் தாளை உள்ளிருந்தே தின்கிறது. அதனால்தான் முந்நூறு ஆண்டுத் தாள் இன்னும் மடங்குகிறது, நம் தாத்தா வாங்கிய பாட்டுப் புத்தகமோ அப்பளமாக நொறுங்குகிறது! நம் ஊர்ப் புழுக்கமும் இராமபாணப் பூச்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

தாள் மருத்துவம் பொறுமையான வேலை. முதலில் மென்தூரிகையால் தூசி தட்டுவார்கள். மை கரையுமா என்று ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பார்ப்பார்கள். கரையாவிட்டால், சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் நனைத்து அமிலத்தைத் தணிப்பார்கள். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும். அந்தப் பசையை நாளை ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம்; பின்னால் வருகிறவர் நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடும் அல்லவா? பழைய ஏடுகளின் தோல்தாளுக்கு இந்தக் குளியல் ஆகாது. நனைந்தால் சுருங்கிவிடும், காற்றின் ஈரத்தாலேயே மெல்லத் தளர்த்தி, இழுத்து உலர்த்துவார்கள். தாங்கவே தாங்காத நூல்களின் பக்கங்களை நுண்படச் சுருளில் எடுத்துவைக்கிறார்கள். முகப்பேரிலும் அந்தப் பணி நடந்தது.

நாம் செய்வது வேறு. நம் கோவில் அலமாரியிலுள்ள வியாகுலப் பிரசங்கப் புத்தகத்தைப் பாருங்கள். பக்கம் கிழிந்ததும் பக்தியோடு செல்லோடேப் ஒட்டினோம். டேப் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அதன் பசை ஊறிய பழுப்புக் கோடு எழுத்தின்மேல் அப்படியே நிற்கிறது. அதை எடுக்கத் தேர்ந்தவர்களே திணறுவார்கள். லாமினேஷன் செய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்லவேளை, செய்யவில்லை.

வரும் தவக்காலத்தில் அதை எடுப்பவர்கள், கையைக் கழுவி நன்றாகத் துடைத்தபின், முழுதாக விரித்து அழுத்தாமல், இருபுறமும் சிறு தலையணை வைத்துப் படிக்கும்படி வேண்டுகிறோம்.