பொலிஸார் கைவிரித்த இரவு

1965ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி இரவு, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், காகித ஆலையொன்றை நம்பி வாழ்ந்த பொகலூசா என்ற சிறுநகரம். ஆலைத் தொழிலாளியான றொபேர்ட் ஹிக்ஸ் என்ற கறுப்பினத்தவரின் வீட்டுக்கு நகரப் பொலிஸ் தலைவர் வந்தார். சிவில் உரிமைப் பணிக்காக வந்திருந்த வெள்ளை இளைஞர் இருவர் அங்கே தங்கியிருந்தனர். வெள்ளையர் கும்பலொன்று வரவிருப்பதாகவும் அவ்விருவரையும் வெளியேற்றிவிடுமாறும் அவர் கூறினார். பொலிஸ் பாதுகாப்புத் தரமுடியாது என்பதையும் ஒளிக்கவில்லை.

ஹிக்ஸ் தமது விருந்தினரை வெளியேற்றவில்லை. வீட்டார் தொலைபேசியில் அயலவரை அழைத்தனர். அவர்கள் துப்பாக்கிகளுடன் வந்து காவலிருந்தனர். கும்பல் வரவேயில்லை.

'பாதுகாப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்' என்ற அமைப்பின் பொகலூசா கிளை அதே மாதம் தோன்றியது. தேவாலயப் பணியாளரைக் குறிக்கும் சாந்தமான சொல்லைப் பெயராகக் கொண்ட இவ்வமைப்பு, முந்தைய ஆண்டு அதே மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில் உருவானது. அங்கே கறுப்பினத்தவரின் குடியிருப்பினூடாக கு கிளக்ஸ் கிளான் இயக்கத்தின் வாகனத் தொடரணி சென்றபோது முன்னே வழிகாட்டிச் சென்றது ஒரு பொலிஸ் வாகனம்! அதன் பின்னர் அம்மக்கள் யாரிடம் முறையிடுவது?

டீக்கன்களில் பலர் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கச் சீருடை அணிந்தவர்கள். அவர்கள் தாக்கச் செல்லவில்லை. ஊர்வலங்களுக்கும் வீடுகளுக்கும் காவல் நின்றனர். மார்ட்டின் லூதர் கிங்கின் அகிம்சையைப் பக்கம் பக்கமாக எழுதிய எமது தொழில், இவர்களுக்கு ஒதுக்கிய இடம் சொற்பமே.

துப்பாக்கி மட்டும் போதுமாயிருந்ததா என்றால், இல்லை. 1965 ஜூன் 2ஆம் திகதி, அப்பகுதியின் முதலாவது கறுப்பின ஷெரிப் உதவியாளர்களில் ஒருவரான ஓனீல் மூர், கடமையிலிருந்து திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். சீருடையும் ஆயுதமும் அவரிடம் இருந்தன. அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

நிலைமையைப் பெரிதும் மாற்றியது, ஹிக்ஸ் தொடுத்த வழக்கு. ஜூலை 10ஆம் திகதி சமஷ்டி நீதிபதி ஹேர்பேர்ட் கிறிஸ்டன்பெரி, ஊர்வலத்தினரைப் பாதுகாக்குமாறு பொகலூசா பொலிஸாருக்குக் கட்டளையிட்டார். ஆயினும், ஆயுதமேந்திய கறுப்பினத்தவர் தெருவில் நின்றிராவிட்டால் வாஷிங்டன் அந்தச் சிறுநகரை அத்தனை அவசரமாகத் திரும்பிப் பார்த்திருக்குமா என்பது என் ஐயம். டீக்கன்கள் பொலிஸாரின் இடத்தைப் பிடிக்கவில்லை. பொலிஸார் தம் கடமையைச் செய்தாகவேண்டிய நிலையை உருவாக்கினர்.

கலிபோர்னியாவில் கதை வேறு. ஒக்லன்ட் நகரில் 1966இல் தோன்றிய கருஞ்சிறுத்தைகள், குண்டேற்றிய துப்பாக்கிகளுடன் பொலிஸாரையே பின்தொடர்ந்து கண்காணித்தனர். துப்பாக்கியை மறைக்காமல் ஏந்திச் செல்வது அப்போது அங்கு சட்டபூர்வமானது. வெள்ளையர் ஏந்திய காலமெல்லாம் அது சட்டசபையின் கண்களை உறுத்தவில்லை. 1967 மே மாதம் சிறுத்தைகள் சக்ரமென்டோ சட்டசபைக் கட்டடத்துக்குள் துப்பாக்கிகளுடன் நுழைந்தனர். மூன்று மாதங்களுக்குள், பொது இடங்களில் குண்டேற்றிய துப்பாக்கியுடன் நடமாடுவதைத் தடைசெய்யும் மல்போர்ட் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் றேகன் கையொப்பமிட்டார்.