இருபத்து மூன்று நிமிடம்

திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் சரக்கைக் குவித்து விற்கும் ஒரு கடையில் 2016-ல் அறுபது ரூபாய்க்கு ஒரு டீ-சர்ட் வாங்கினேன். ஏதோ ஐரோப்பிய நகரத்து ஓட்டப் பந்தயத்துக்காக இங்கே தைத்தது. பிரின்ட் லேசாகச் சாய்ந்துவிட்டதால் கழித்த பீஸ். முதுகில் 42.195 என்று பெரிய எண், நெஞ்சில் 'பினிஷர்'. அதைப் போட்டுக்கொண்டுதான் ஒரு வருஷம் அருள்புரத்தில் பால் வாங்கப் போனேன்.

ஒருநாள் டீக்கடையில் செக்கிங் பையன் ஒருவன் கேட்டான்: "ஏனுங்ணா, நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுனீங்களா?"

"இல்லப்பா, செகண்ட்ஸ்ல எடுத்தது."

சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இருபது வருஷமாக ஓவர்லாக், பேட்லாக் என்று மெஷின் மாறி மாறி ஓடுகிறவர்களுக்குத் துணி தைக்கிறேன். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஒழுங்காக ஓடியதில்லை. முடிக்காத பந்தயத்தை முடித்ததாக நெஞ்சில் எழுதிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறேன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் தேடினேன். 1896-ல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற ஸ்பிரிடான் லூயிஸ் தண்ணீர் சுமந்து பிழைத்தவர். அன்றைக்கு தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1908-ல் லண்டனில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று அளந்தார்கள். 26 மைல் 385 கெஜம், அதாவது 42.195 கிலோமீட்டர் வந்தது. 1921-ல் அதுவே உலகத்துக்கெல்லாம் அளவாகிவிட்டது. ராஜா வீட்டு வசதிக்காகச் சேர்ந்த கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கால் பிடித்துக்கொள்கிறது.

நம் நாட்டுக்காரர்கள் சளைத்தவர்கள் அல்ல. பெல்காம் பக்கத்து பதேப்பா சௌகுலே 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பத்தொன்பதாவதாக வந்தார். ராணுவ வீரர் சிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய ஓட்டம், நாற்பது வருஷத்துக்கு மேல் தேசிய சாதனையாக அசையாமல் நின்றது. ஆனால் அந்தக் காலத்து மாரத்தான் பெரும்பாலும் ராணுவம், போலீஸ், ரயில்வே ஆட்களுடையது. வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுகிறவனுக்குக் கதவு திறந்தது 2004-ல் மும்பை மாரத்தான் தொடங்கியபோது. 2006-ல் சென்னை ரன்னர்ஸ் குழு உருவானது. 2013-ல் கோயம்புத்தூர் மாரத்தான் புற்றுநோய் அறக்கட்டளைக்காகத் தொடங்கி, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி எங்கள் பக்கமும் வந்தது.

ஆனால் நீண்ட தூரம் என்பது எங்கள் ரோட்டுக்குப் புதிதல்ல.

அருள்புரம் திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில், கரைப்புதூர் ஊராட்சியில் இருக்கிறது. தைப்பூசம் நெருங்கினால் கொங்குநாட்டு ரோடுகளில் பச்சை வேட்டிகள் தெற்கே நகரும். பழனி இங்கிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர். என் அப்பாரு, அதாவது தாத்தா, இருபத்தேழு தைப்பூசம் நடந்தவர். செருப்பு கிடையாது. சாயங்காலம் கிளம்பி ராத்திரி நடப்பார்கள், உச்சி வெயிலில் புளியமரத்தடியில் படுப்பார்கள். அவர் சொல்வார்: "மொத நாள் வேகமாப் போறவன் மூணாம் நாள் மாட்டுவண்டில வருவான் சாமி." இதையே மாரத்தான் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன.

அப்பாருவுக்குக் கிடைத்தது தை மாதத்து விவசாய ஓய்வு. என் அப்பா பனியன் கம்பெனிக்குப் போனார். அவருக்கு அந்த ஓய்வு இல்லை.

1920களில் கையால் சுற்றும் பின்னல் மெஷின்களோடு தொடங்கிய தொழில் இது. எழுபதுகளின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வந்து ஆர்டர் கொடுத்த பிறகு திருப்பூர் எக்ஸ்போர்ட் ஊரானது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை, ஒன்பது வரை போனால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருங்கினால் முழு நைட். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. எங்கள் ஊரில் குசலம் விசாரிப்பதே "இன்னிக்கு ஒன்னரையா?" என்றுதான்.

1984-ல் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பஞ்சப்படிக்காக. எனக்குப் பத்து வயது. அப்பா தினமும் ஊர்வலத்துக்கு நடந்தே போய்வந்தார். வீட்டில் கம்மஞ்சோறும் புளித்தண்ணியும். அந்த நாலு மாதத்தில்தான் அப்பா பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருந்து நான் பார்த்தேன். பஞ்சம் வந்த வருஷம் என்று அம்மா சொல்வார்கள். எனக்கு அப்பா என்னை வாய்க்கால் மேட்டில் ஓடவிட்டு எண்ணிக்கொண்டு நின்ற வருஷம்.

திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி 2004-ல் எழுதிய நூலில், தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் உழைப்பையே மூலதனமாகச் சொல்லிக்கொள்வதை விரிவாக ஆராய்கிறார். அந்தப் பெருமை தொழிலாளிக்கும் உண்டு. இங்கே வேர்வை என்றால் அதற்குப் பீஸ் ரேட் இருக்க வேண்டும். கூலியில்லாமல் வேர்ப்பவனைப் பார்த்தால் ஊருக்குப் புரியாது. நான் ஓடத் தொடங்கிய வாரத்தில் டீக்கடைக்காரர் கேட்டது: "ஏனுங்க, நாய் கீய் தொரத்துதுங்களா?"

நடை பழகியது அதற்கும் முன்னால், 2011-ல். அந்த வருஷம் ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் கெட்டுப்போய், உழவர்கள் பல வருஷம் வழக்காடிய பிறகு வந்த உத்தரவு அது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்பதை நிறைவேற்றிக் காட்டிய பிறகே திறக்கலாம். அருள்புரத்திலும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சாயம் நின்றதும் எங்களுக்குத் துணி வருவது குறைந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மிச்ச நாள் காலையில் உகாயனூர் ரோட்டில் நடந்தேன். கையில் காசு இல்லை, நேரம் இருந்தது. பட்டறைகள் திறந்ததும் நடை நின்றது.

2017-ல் அந்தப் பையன் கேட்ட மறுநாள், அதே ரோட்டில் ஓடிப் பார்த்தேன். எண்ணூறு மீட்டர். மைல்கல்லில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். பிராய்லர் கோழி ஏற்றிய லாரி ஒன்று தாண்டிப் போனது. கூண்டிலிருந்து பறந்த இறகு வேர்த்த கையில் ஒட்டிக்கொண்டது.

புரொடக்‌ஷன் எழுதும் நீள நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, தூரம், நேரம், குறிப்பு. முதல் மாதக் குறிப்புகளெல்லாம் ஒரே சொல்தான்: மூச்சு. எனக்கு ஆசான் என்று ஒருவர் கிடைத்தது புத்தகத்தில். நியூசிலாந்துக்காரர் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் ஷூ தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பிலேயே பரிசோதித்து, மெதுவாக, ஆனால் நிறைய ஓடு என்று கண்டுபிடித்தார். அவர் பழக்கிய பீட்டர் ஸ்னெல்லும் முர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். பிறகு, இதய நோயாளிகளையும் மெல்ல ஓடவைத்தார். பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்பது அவர் வழி. எனக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. பட்டன் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

புத்தி வர நாளானது. ஷிப்மென்டுக்கு டபுள் போடுகிற பழக்கத்தில், வாரம் 24 கிலோமீட்டரை ஒரே வாரத்தில் 40 ஆக்கினேன். முழங்காலுக்குக் கீழே, எலும்போரத்தில் வலி. மூன்று வாரம் நோட்டில் கட்டங்கள் காலி. ஓய்வு கொடுத்தால்தான் தசையும் எலும்பும் முந்தின நாள் சுமையை வாங்கித் தேறுகின்றன. மெஷினுக்கு எண்ணெய் போட நிறுத்தத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. 2018 கோயம்புத்தூர் அரை மாரத்தானை 2 மணி 34 நிமிடத்தில் முடித்தேன்.

அடுத்த பாடம் துணியில். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் 20 கிலோமீட்டரைத் தாண்டியதும் அக்குளில் தோல் பிய்ந்தது. மார்புக் காம்பில் ரத்தம். போட்டிருந்தது அதே பருத்தி டீ-சர்ட், 180 ஜி.எஸ்.எம். காய்ந்தபோது கம்பெனித் தராசில் 160 கிராம் காட்டியது, ஓடிவந்து எடை போட்டால் 410. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைக்காது. வெளிநாட்டு ஆர்டர்களில் 'டிரைபிட்' துணி ஏன் வருகிறது என்று அன்றுதான் என் உடம்புக்குப் புரிந்தது. திருப்பூருக்குப் பெயர் வாங்கித் தந்த பருத்தி, உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் சுகம்.

துணியை மாற்றியும் அக்குள் எரிந்தது. சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஓவர்லாக் தையல் உள்பக்கம் கயிறு மாதிரி மேடாக நின்றது. நானே லட்சக்கணக்கில் அடித்த தையல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மேட்டை ஒருபக்கமாக மடக்கி, மேலே பேட்லாக் ஓட்டித் தட்டையாக்கினேன். விரலால் தடவினால் தையல் இருப்பதே தெரியவில்லை. அதற்குப் பிறகு எரிச்சல் இல்லை. இப்போது ஸ்போர்ட்ஸ் ஆர்டரில் தையல் மேடு இருந்தால் செக்கிங்கில் விடமாட்டேன். அந்த மேடு 25-வது கிலோமீட்டரில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

2020 ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான். ஐந்து மணி நேரத்துக்குள் முடிப்பது என்று குறி. வாரம் 50 கிலோமீட்டர் வரை பழகியிருந்தேன், அதிகபட்சம் ஒரே மூச்சில் 32. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்மென்ட். முழு நைட் முடித்து, சனிக்கிழமை ரயிலில் நின்றுகொண்டே போனேன். உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்து சுமார் 30 கிலோமீட்டரில் தீரும் என்பார்கள். எனக்கு 33-ல் தீர்ந்தது. அங்கிருந்து பாதி நடை. 5 மணி 11 நிமிடம். அவர்கள் கழுத்தில் போட்ட மெடலை ரயிலில் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் ஊரடங்கு. மார்ச் 25 முதல் மெஷின் சத்தமே இல்லாத பல்லடம் ரோட்டை என் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்த்தேன். ஓடுவதற்கு அதைவிட நல்ல ரோடு கிடைக்காது. ஆனால் மூட்டையும் குழந்தையுமாக வடநாட்டுப் பிள்ளைகள் நடந்து போனதைப் பார்த்தேன். மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டபோதும் ஸ்டேஷனுக்கு நடந்து போனவர்கள் உண்டு. வேறு வழியில்லாமல் நடப்பவர்கள் எதிரே, ஆசைக்கு ஓட எனக்குக் கால் வரவில்லை. நோட்டில் அந்த மூன்று மாதமும் காலி.

2022 ஜூலையில், அடுத்த முழு மாரத்தானுக்காக மறுபடி கட்டம் போட்டேன். இந்தத் தடவை ஒன்றை மட்டும் மாற்றினேன். சூப்பர்வைசரிடம் போய், "சனிக்கிழமை ஒரு ஷிப்டுதானுங்க, ஐந்தரைக்குக் கிளம்பீருவேன்" என்றேன். சிரித்தார். பிறகு முறைத்தார். பிறகு பழகிக்கொண்டார். வாரம் முந்நூறு ரூபாய் குறைந்தது. சனி ராத்திரி ஒன்பதுக்குப் படுத்து, ஞாயிறு நாலரைக்கு எழுந்து, வீரபாண்டி பிரிவு வரை போய்த் திரும்பிப் பல்லடம் பக்கம் ஓடினேன். பழைய சோற்று நீராகாரம், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், இடுப்புப் பையில் கடலை மிட்டாய். பழக்கம் வேறெதுவும் மாறவில்லை. அதே தூரம், அதே 32.

2023 ஜனவரி, சென்னை. 4 மணி 48 நிமிடம். ஓரிடத்திலும் நடக்கவில்லை.

வீட்டுக்காரம்மா கணக்கில் கெட்டி. "இருபத்தாறு வாரம், வாரம் முந்நூறு, ஏழாயிரத்து எண்ணூறு. கொறஞ்சது இருபத்து மூணு நிமிசம். நிமிசத்துக்கு முந்நூத்தி முப்பத்தொம்போது ரூவா ஆகுதுங்க மாமா" என்றாள். கணக்கு சரி.

அதே வருஷம் ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததால் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருஷம். அந்த ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமைக்கு என் நோட்டில் இருக்கும் வரி: 18 கி.மீ., 2 மணி 3 நிமிடம், குறிப்பு: தூக்கம் சரியில்லை.

ஓடுவதற்கு என்ன வேண்டும் என்று இப்போது பையன்கள் கேட்கிறார்கள். நல்ல ஷூ என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேரத் தூக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவுதான். அப்பாருவுக்குத் தை மாதம் சும்மா கிடைத்தது. அப்பா 127 நாள் பட்டினி கிடந்தும் அந்த ஓய்வு வரவில்லை. நான் ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

எனவே முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பினிஷர்' என்று பிரின்ட் போட்ட சட்டையைத் தைக்கிற எங்களைச் சனிக்கிழமை ஐந்தரைக்கு விடுங்கள். மிச்ச நாற்பத்திரண்டு கிலோமீட்டரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.